வலது காதில் விழாத பேச்சு

என்ன கேட்டீங்க? செண்பகவல்லி அம்மா வீட்டுக்காரரான்னா?

ஆமா. அவ வீட்டுக்காரன்தான். சங்கரன்கோவில் மேடையில அவ பேசினதைக் கேட்டீங்களாக்கும். மேடைக்குப் பின்னால கார் பக்கத்துல நின்னவர்தானேன்னா, அதுவும் நான்தான்.

ஆனா அண்ணாச்சி, போன வருஷம் வரைக்கும் இந்தக் கேள்விய அவகிட்டதான் கேப்பாக. "சொற்கொண்டல் கோமதிநாயகம் வீட்டம்மாவா நீங்க?"ன்னு. சொற்கொண்டல்ங்கிறது நான்தான். கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல மேனேஜரு, சாயங்காலமானாப் பட்டிமன்றப் பேச்சாளர். இருபத்தாறு வருஷ மேடை. உங்க ஊர்லயே எட்டுத் தடவை பேசியிருக்கேன். எட்டுத் தடவை பேசின என்னை உங்களுக்குத் தெரியல. ஒரே தடவை பேசின அவளத் தெரியுது. இருக்கட்டும்.

உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தொண்ணா. எனக்கு முப்பத்தொம்பது. இப்பதான் முப்பத்திரெண்டைக் கூப்பிட்டிருக்காக. உக்காருங்க. போன் ரிப்பேருக்கு வந்தீங்களா? நான் இதுக்கு வந்திருக்கேன். இந்தா, இந்த டப்பா. உள்ள ரெண்டு குமிழ் இருக்கு பாருங்க, வயர் இல்லாத பட்ஸு. என் குடியைக் கெடுத்தது இதுதான். வேற யாருமில்ல. அதைத்தான் இன்னைக்கு எழுத்துல வாங்கிட்டுப் போகலாம்னு கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வந்திருக்கேன்.

சொல்லுதேன் கேளுங்க. நேரம் இருக்கு.

பேச்சு எப்பவும் நம்ம பேச்சுதான். எழுதுறது மட்டும் அவ. எழுதுறதுன்னா என்ன, எந்த அணியில பேசப் போறேன்னு நான் சொல்லுவேன். அதுதானே முக்கியம். பெறகு பாட்டு, உவமை, கதை, சிரிக்கிற இடம், கைதட்டு வாங்குற இடம், இதையெல்லாம் அவ நோட்டுல எழுதிக்கிடுவா. எம்.ஏ. தமிழ் படிச்சவ, சும்மா இருக்கமாட்டா. கல்யாணமான புதுசுல அவளுக்கு வாத்தியார் வேலைகூட வந்துச்சு, ராமநாதபுரம் பக்கம். நான்தான் வேண்டாம்னேன். நீ அங்க போயிட்டா வீட்டை யாரு பாக்கதுன்னு கேட்டேன். அவளும் சரின்னுட்டா. அந்தப் படிப்பு வீணாப் போகக்கூடாதுன்னுதான் எழுதுற வேலைய அவகிட்டக் கொடுத்தேன். இல்லேன்னா அவ என்ன செஞ்சிருப்பா சொல்லுங்க.

அவ எழுதினதை வாங்கி, மொட்டை மாடியில நடந்து நடந்து மனப்பாடம் பண்ணுவேன். ஒரு மணி நேரப் பேச்சு ரெண்டே நாள்ல ஏறிரும். அப்படி இருந்தவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சு. பதினெட்டு நாள் படுக்கை. எந்திரிச்ச பெறகு ஒண்ணும் மனசுல நிக்கல. கழுகுமலையில பாதிப் பாட்டுல நின்னுட்டேன். தண்ணி குடிச்சேன். இன்னொரு வாய் குடிச்சேன். மூணாவது தடவை டம்ளரைத் தூக்கும்போது முன்வரிசையில ஒருத்தன் சிரிச்சுட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் இங்க, நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்கு.

பட்ஸு யோசனை என்னுதுதான். எங்க தெருவுல மொபைல் கடை வச்சிருக்கார் ஜெயசீலன். அவர் ஒரு நாள் கடைக்குள்ள தனியா நின்னு பேசிக்கிட்டிருந்தார். என்னய்யா இதுன்னு கேட்டா, காதைத் தொட்டுக் காட்டுதார். உள்ள இத்தனூண்டு குமிழ். அந்த நிமிஷமே எனக்குப் பொறி தட்டிருச்சு.

ஏற்பாட்டைக் கேளுங்க. என் வலது காதுல ஒத்தக் குமிழ். மேல முடிய லேசா இழுத்து விட்டுக்கிடுவேன். தோள்ல துண்டு. என் போன் சட்டைப் பையில. வெளிய மைக்செட்டு இரைச்சல்ல அவளால பேச முடியாதில்லையா, அதனால மேடைக்குப் பின்னால நிக்க வாடகைக் காருக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு நோட்டோட உக்காந்திருப்பா. அங்கருந்து எனக்கு போன் போட்டு லைன்லயே இருப்பா. நான் பேசுதது அவளுக்குக் கேக்கும், அவ எடுத்துக் கொடுக்கது எனக்கு மட்டும் கேக்கும். டிரைவரு டீ குடிக்கப் போயிருவாரு, ஏ.சி. இருக்காது. கொஞ்சம் புழுங்கத்தான் செய்யும். என்ன, முக்கால் மணி நேரம்தானே.

பங்குனித் திருவிழாவுல மொத மேடை. அவ மெதுவா ஒரு வரி சொல்லுவா அண்ணாச்சி, அது என் வாயில இருந்து விழும்போது இடி மாதிரி விழும். ஒரு இடத்துல அவ இருமிட்டா, நானும் சேந்து இருமிட்டேன். அம்புட்டு ஒத்துமை. சனங்க எந்திரிச்சு நின்னு தட்டினாக. காய்ச்சலுக்கு முந்தி இருந்ததைவிட இப்பதான் நல்லாப் பேசுதீங்கன்னு நடுவரே சொன்னார். நடுவர்னா பேராசிரியர் ஆவுடையப்பன். எங்க குழு அவர் குழுதான், யாருக்கு மேடைன்னு முடிவு பண்ணுதது அவர்தான்.

அதுக்குப் பெறகுதான் இது தன் குணத்தைக் காட்டுச்சு.

ரெண்டாவது மேடையில விட்டு விட்டுக் கேட்டுச்சு. பாதி வார்த்தை வருது, பாதி இல்ல. ஜெயசீலன்கிட்டப் போனா, "போனை எங்க வச்சிருந்தீங்க?"ன்னார். இடது பக்கச் சட்டைப் பையிலன்னேன். "காது வலது, போன் இடது. நடுவுல உங்க உடம்பு மறைக்குதே அண்ணே"ன்னார். போனை வலது பக்கம் வேட்டி மடிப்புல சொருகினேன், சரியாச்சு. இன்னொரு நாள் பத்து நிமிஷத்துல தானா நின்னு போச்சு. பேட்டரி மிச்சம் பண்ணுத ஏற்பாடு ஒண்ணு போனுக்குள்ள இருக்காம், அதை அணைச்சாரு. டப்பாக்குள்ள ரெண்டு பித்தளைப் புள்ளி இருக்கு, அதுல அழுக்கு சேந்தா சார்ஜ் ஏறாது, பஞ்சால துடைக்கணும்னாரு. எல்லாம் படிச்சிக்கிட்டேன். இன்னைக்கு அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்க பொண்ணைவிட எனக்கு அதிகம் தெரியும்.

மூணாவது கூத்துதான் பெரிய கூத்து. எட்டயபுரம் பக்கத்துல ஒரு கோயில் கொடைத் திருவிழா. மேடை ஏறிப் பேச ஆரம்பிச்சா, என் காதுக்குள்ள என் குரலே கேக்கு. ஒரு மூச்சு பிந்தி. "பெரியோர்களே"ங்கேன், உள்ள "பெரியோர்களே"ங்குது. அவ குரலையே காணோம். எப்படியோ உளறி முடிச்சு இறங்கிட்டேன். என்னன்னு பாத்தா, இவ வீட்டுல சமைக்கும்போது இதை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு அவ போன்ல ஏதோ இலக்கியச் சொற்பொழிவு கேட்டிருக்கா. கடைசியா எந்தப் போனோட சேந்துச்சோ அதைத்தான் இது மொதல்ல தேடுமாம். பின்னால கார்ல அவ போன் இருக்கா, அதுல போய் ஒட்டிக்கிச்சு. என் பேச்சே அவ போனுக்குப் போய் என் காதுக்குத் திரும்பி வருது.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "எனக்கு வாங்கினதை நீ எதுக்குட்டி தொட்ட? உனக்கு எதுக்குச் சொற்பொழிவு?"ன்னு கார்லயே சத்தம் போட்டேன். டிரைவரு கண்ணாடியில பாத்தாரு. அவ போனை வாங்கி, பட்டியல்ல இது பேரைத் தொட்டா "இந்தச் சாதனத்தை மறந்துவிடு"ன்னு வரும், அதைத் தட்டி அழிச்சுட்டுத்தான் போனைக் கொடுத்தேன். அதோட அந்தத் தொந்தரவு தீந்துச்சு.

முப்பத்தஞ்சு போகுது. மெதுவாத்தான் கூப்பிடுதாக.

பெறகு வைகாசியில விருதுநகர். பெரிய மேடை. நல்ல வெயில் காலம். "குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா"ன்னு தலைப்பு. நான் கணவன் அணி. இவ எடுத்துக் கொடுக்கா, நான் கொட்டுதேன். ஆவுடையப்பன் அசந்துட்டாரு. நடுவுல நிறுத்தி மைக்குலயே கேட்டாரு: "ஐயா, இத்தனை பாட்டு எப்படி உங்க மனசுல நிக்கு? வீட்டம்மா உதவி உண்டோ?"

சனமெல்லாம் என்னையே பாக்கு. நான் என்ன சொல்ல முடியும்? அவ பின்னால கார்ல உக்காந்து சொல்லுதான்னா சொல்ல முடியும்? "அவளா? அவளுக்கு ஒரு பாட்டும் தெரியாதுய்யா. தெரிஞ்சதெல்லாம் சீரியல் ஆரம்பிக்கும்போது போடுதான் பாருங்க, அந்தப் பாட்டு மட்டுந்தான்"னேன்.

அடேயப்பா! பந்தல் பிச்சுக்கிச்சு. பொம்பளைகளே விழுந்து விழுந்து சிரிக்காக. அந்த ஜோக்கை நானாச் சொன்னேன் அண்ணாச்சி, யாரும் எடுத்துக் கொடுக்கல. என் இருபத்தாறு வருஷத்துல அம்புட்டு நீளமாக் கைதட்டு வாங்கினதில்ல.

அதுக்குப் பெறகு ஒரு ரெண்டு நிமிஷம் காதுல சத்தமில்ல. பெறகு வந்துச்சு. ஆனா குரல் ஒரு மாதிரி கம்மி இருந்துச்சு. அப்பவே இதுல கோளாறு ஆரம்பிச்சிருச்சுன்னு இப்பத் தோணுது. திரும்பி வரும்போது அவ ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. வெயில்ல உக்காந்த அலுப்புன்னு நான் நெனச்சேன்.

அடுத்தது ஆனி மாசம், சாத்தூர். ரெண்டாயிரம் பேரு. அண்ணாச்சி, நான் ஒண்ணும் விடல. பித்தளைப் புள்ளியத் துடைச்சேன். நூறு சதவீதம் சார்ஜ். போன் வலது பக்கம். கார்ல இருந்து அவ "கேக்கா?"ன்னா, "கேக்கு"ன்னேன். மேடை ஏறினேன். வணக்கம் சொல்லி முடிச்சேன். மொத வரிக்காக நிக்கேன்.

ஒண்ணும் வரல.

லைன் அந்துட்டா டுங்னு ஒரு சத்தம் வரும். அது வரல. லைன் இருக்கு. உள்ள காத்து அடிக்குத மாதிரி, யாரோ மூச்சு விடுத மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் கேக்கு. காதைத் தட்டினேன். துண்டைச் சரி பண்ணுத மாதிரி போனை மேல ஏத்தினேன். "சொல்லு, சொல்லு"ன்னு வாய்க்குள்ளேயே முனங்கினேன், அது மைக்குல கேட்டுருச்சு. கூட்டத்துல ஒருத்தன் "நீ சொல்லுய்யா, உன்னைத்தானே கூப்பிட்டிருக்கு"ன்னான். சிரிப்பு. பழைய பேச்சு ஒண்ணை எடுத்து ஓட்டிரலாம்னு பாத்தா, அதுவும் நாலு வரியில நின்னு போச்சு. ஆவுடையப்பன் மணிய அடிச்சாரு. ஏழு நிமிஷத்துல. எனக்கு, ஏழு நிமிஷத்துல மணி.

இறங்கி வந்து கார்க் கதவைத் தொறந்தா, நோட்டு மூடியிருக்கு அவ மடியில. போன் காதுலதான் இருக்கு. "ஏன் பேசல?"ன்னேன். போனை அமத்திட்டு, "வீட்டுக்குப் போலாம்"னா.

ரெண்டு நாள் நான் கடைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன். ஜெயசீலன் வேற போன்ல போட்டுப் பாத்தாரு, பாட்டு ஓட்டினாரு, அவரே தெருமுனைக்குப் போய் நின்னு பேசினாரு. எல்லாம் நல்லாக் கேக்கு. "அண்ணே, இதுல ஒண்ணுமில்லண்ணே"ன்னாரு. கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். மூணாம் நாள் காலையில நான் வீட்டுல உக்காந்து, டப்பாவுல இந்தப் பட்டன் இருக்கே, இதைப் பத்து நொடி அமுக்கினா எல்லாத்தையும் மறந்து புதுசா ஆரம்பிக்கும், அதை அமுக்கிக்கிட்டிருக்கேன். அவ அரிசி களைஞ்சிக்கிட்டிருந்தா. அங்கருந்தே சொன்னா.

"அதைப் போட்டு நோண்டாதீங்க. அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. அன்னைக்கு நான்தான் பேசல."

"ஏன்?"

"எனக்குத்தான் ஒரு பாட்டும் தெரியாதே."

அம்புட்டுத்தான். அரிசிய உலையில போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டா.

நான் நம்பல அண்ணாச்சி. இப்பவும் நம்பல. வெளாட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். பட்டிமன்றத்துல பொண்டாட்டியக் கிண்டல் பண்ணாம எவன் பேசுதான்? முப்பது வருஷம் கூட இருந்தவ, புருஷன் ரெண்டாயிரம் பேரு முன்னால தவிக்கான்னு காதால கேட்டுக்கிட்டே வாயை மூடிட்டு உக்காந்திருப்பாளா? உங்க வீட்டம்மா இருப்பாகளா? இருக்கமாட்டாக. அவ ஏதோ மனத்தாங்கல்ல அப்படிச் சொல்லுதா. அவ பேசியிருக்கா. இந்த எளவுதான் கொண்டு வந்து சேக்கல.

இதுக்கு நடுவுல ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தாரு, உடம்புக்கு என்னன்னு விசாரிக்க. திண்டாடிப் போனேன். மனசு சரியில்ல, தூக்கமில்லைன்னு என்னமோ சொன்னேன். அவர் எனக்கு ஆறுதலா ஒரு பழம்பாட்டு ஆரம்பிச்சாரு, மழைய நம்பி இருக்க நிலத்தைப் பத்தி. ரெண்டாவது வரி அவருக்கே வரல. நெத்தியத் தட்டுதாரு. இவ காப்பிய வச்சுட்டுப் போகப் போனவ, நின்னு, அந்த வரியச் சொன்னா. அதுக்கு அடுத்த வரியையும் சொன்னா. அந்தப் பாட்டை எல்லாரும் ஒரு மாதிரி பொருள் சொல்லுதாக, எனக்கு வேற மாதிரி தோணுதுன்னு அதையும் சொன்னா. அவர் காப்பிய மறந்துட்டாரு.

"அம்மா, இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"காலேஜ்ல படிச்சேன் சார். பெறகு இருபத்தாறு வருஷமா மேடைக்கு எழுதிக்கிட்டும் இருக்கேன்."

அவர் மெதுவா என் பக்கம் திரும்பினாரு. நான் சிரிச்சுக்கிட்டே, "நான் மாடியில மனப்பாடம் பண்ணுததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் வந்துருச்சு சார்"னேன். அவர் சிரிக்கல.

மறுவாரமே உங்க சங்கரன்கோவில் ஆடித் திருவிழாவுக்குப் பேசக் கூப்பிட்டு அவர்கிட்ட இருந்து போன். எனக்குன்னு நெனச்சு எடுத்தேன். "அம்மாகிட்டக் கொடுங்க"ன்னாரு.

நான் தடுக்கல. தடுத்தேன்னு யாரும் சொல்லக்கூடாது. உனக்கு மேடைப் பழக்கமில்ல, கால் நடுங்கும்னு மட்டும் சொன்னேன். ஒரு நாலஞ்சு தடவை சொல்லியிருப்பேன். கடைசியில நானே இறங்கி வந்தேன். இந்த டப்பாவைக் கொண்டுபோய் அவ முன்னால வச்சு, "சரி, இதைக் காதுல வச்சுக்க. நான் கார்ல இருந்து எடுத்துக் கொடுக்கேன்"னேன். எவன் இப்படி இறங்கி வருவான்?

அவ என்னை நிமிந்து பாத்து, "நீங்க என்னத்தை எடுத்துக் கொடுப்பீங்க?"ன்னா.

கோவமாக் கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவ நிசமாவே தெரியாம கேக்க மாதிரி கேட்டா.

ஆனாலும் நான் கார்ல உக்காந்தேன் அண்ணாச்சி. நீங்க கூட்டத்துல இருந்தீங்க, நான் பின்னால கண்ணாடிய ஏத்திட்டு அவ நோட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கையில போன். எங்கயாவது நின்னுட்டா கூப்பிடுவால்லா. காருக்குள்ள வேக்காடு, சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு, பத்து நிமிஷத்துல மூச்சு முட்டிருச்சு. ஆடியில காத்தடிக்கும்னு பேரு. அவ உக்காந்தப்போ இம்புட்டுச் சூடு இருந்திருக்காது. இருந்தா வாயைத் தொறந்து சொல்லியிருப்பாளே. நான் கண்ணாடிய இறக்கிட்டேன். இறக்கினதும் அவ குரல். நான் முப்பது வருஷமாக் கேக்க குரல்தான், ஆனா அம்புட்டுச் சத்தமா நான் கேட்டதில்ல. நோட்டுல இருந்த ஒரு வரியையும் அவ பேசல. எல்லாம் புதுசு. நாப்பது நிமிஷம், ஒரு வாய் தண்ணி குடிக்கல. போன் என் கையில அப்படியே கெடந்துச்சு.

நன்றி சொல்லும்போதாவது என் பேரைச் சொல்லுவான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். நடுவருக்கு நன்றி, விழாக் குழுவுக்கு நன்றி, மைக்செட்டுக்காரருக்கு நன்றி. நான் இல்ல. கிண்டலாக்கூட ஒரு வார்த்தை இல்ல. நான்னு ஒருத்தன் இருக்கதாவே அவ பேச்சுல தெரியல.

அதுல இருந்து மாசம் மூணு மேடை அவளுக்கு. வீட்டுல சண்டையெல்லாம் கெடையாது. நேரத்துக்குச் சாப்பாடு இருக்கும். மாத்திரைய எடுத்து வச்சுருவா. சோறா தோசையான்னு கேப்பா. அதுக்கு மேல ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசுததில்ல. மேடையில மணிக்கணக்காப் பேசுதவ.

அதுக்குத்தான் இங்க வந்தேன். காசைத் திருப்பிக் கேக்கவோ புதுசு கேக்கவோ வரல. கம்பெனி ஆளு பாத்து, கோளாறு இதுலதான்னு ஒரு தாள்ல எழுதி, சீல் வச்சுக் கொடுத்தாப் போதும். அதைக் கொண்டுபோய் அவ முன்னால வச்சு, "பாரு, நீ அன்னைக்குப் பேசியிருக்க. இதுதான் கெடுத்துருச்சு. ஏதோ கோவத்துல நீயா பேசலைன்னு சொல்லிக்கிட்டிருக்க"ன்னு சொல்லணும். அப்போ அவளும் ஆமான்னுருவா. அவளுக்கும் அதுதான் நல்லது.

இருங்க, முப்பத்தொம்பது. வாங்க, சும்மா கூட வாங்க.

இதாம்மா. பேச்சு கேக்க மாட்டேங்குது. என்னது, பாட்டு நல்லாக் கேக்குதா? பாட்டை விடும்மா, ஆளு பேசினாக் கேக்கல. அதைப் பாரு. சோதிக்கணும்னா யாராவது எனக்கு போன் போட்டுப் பேசணுமா? வீட்டுலயா? வேண்டாம், அவ இப்போ ராஜபாளையத்துல கூட்டத்துல இருப்பா. அண்ணாச்சி, நீங்க ஒரு போன் போடுங்களேன். உங்க போன்தான் ரிப்பேரா? அப்போ ஏம்மா, உன் போனைக் கொஞ்சம் இவர்கிட்டக் கொடு. நம்பர் அந்தத் தாள்ல இருக்கு. வாசல் பக்கம் போயிருங்க அண்ணாச்சி, இன்னும் தள்ளி, அந்தத் தண்ணி கேன்கிட்ட. பேசுங்க. என்னத்தையாவது பேசுங்க.

கேக்கு. உங்க ஊரு, உங்க பேரு, கேக்கு. தெளிவாக் கேக்கு. பேசுங்க, நிறுத்தாதீங்க. ம். ம். என்ன, வீட்டுக்குப் போய் அவககிட்ட மன்னிப்பு... என்னது? ஹலோ? சரியாக் கேக்கல அண்ணாச்சி. இந்தா பாரும்மா, நீயே பாத்துக்கிட்ட. மொதல்ல கேட்டுச்சு, இப்போ கேக்கல. இந்தக் கோளாறைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

சிரிக்காத. எழுது. "எதிர்ப்பக்கம் பேசியது, இந்தப் பக்கம் கேட்கவில்லை"ன்னு எழுது. தமிழ்லதான் எழுதணும், ஒரு பிழை இல்லாம எழுதும்மா. அதை அவ வாசிக்கணும்.